கீழ விழுந்துச்சான்னு கேட்டீங்களே

இருங்க தம்பி, ரிப்பேருக்குக் கொண்டாந்த இந்தக் கம்ப்யூட்டர் டிஸ்க் கீழ விழுந்துச்சான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு அப்புறம் வர்றேன். மொதல்ல தப்பு பண்ணது என் பையன். அத மனசுல வெச்சிக்கிட்டு மிச்சத்தக் கேளுங்க.

நானும் அவனும் ஒரே பட்டறை. நான் இரும்புக் குழாய் வெட்டுறவன். அவன் கம்ப்யூட்டர்ல படம் போட்டு அளவு குடுக்கறவன். ஒருநாள் இருபது குழாய அளவு தப்பா வெட்டிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும்ல? அதுக்கு அவன், மொதலாளி நிக்கிறாரு, கூட வேல பாக்குற அத்தன பேரும் நிக்கிறான், கைநாட்டுகிட்ட படத்தக் குடுத்தா இப்படித்தான் ஆகும்னான். பெத்த அப்பன! எல்லாரும் சிரிச்சானுங்க.

அன்னைக்கு நின்னுச்சு பேச்சு. ஒரே வீடுதான். உப்பு வேணும்னாக்கூட செவுத்தப் பாத்துதான் கேப்பேன். செவுரு தராது, அவன் எடுத்து வெப்பான்.

அப்புறம் ஒருநாள் எதுக்க வந்து நின்னான். அப்பா, வீட்டுக் கம்ப்யூட்டர்ல உனக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கேன், தெறந்து பாருன்னான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கைநாட்டுன்னு சொன்ன அதே வாயால என்னை லெட்டர் படிக்கச் சொல்றான். நாலு பேர் முன்னாடி சொன்னத நாலு பேர் முன்னாடி வந்து திருப்பி வாங்கிக்கச் சொல்லுன்னு செவுத்துகிட்ட சொல்லிட்டுப் போயிட்டேன். நியாயந்தானே?

சரி விடுங்க. ரெண்டாவது தப்பு மருமகனோடது. எம் பொண்ணு வீட்டுக்காரன். அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி மாசக் கணக்கா மூடியே கெடந்துச்சு. பழசு வேற. சுவிட்சப் போட்டுட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். பேத்தி படிக்கணும்னு, என்னைய ஒரு வார்த்த கேக்காம, எஸ்எஸ்டின்னு புது டிஸ்க் ஒண்ணக் கொண்டாந்து மாட்டிட்டான். சீட்டுக்கட்டு மாதிரி மெல்லிசா இருக்கு. இப்ப கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓப்பனாவுது. உள்ள ஒண்ணுமே இல்ல, கழுவிக் கவுத்த சட்டி மாதிரி.

கழட்டுன பழைய டிஸ்க்கத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தான். மாமா, இதுலருந்து இன்னும் காப்பி பண்ணல, உங்களுக்குன்னு ஒண்ணு இருக்குன்னு ஆரம்பிச்சான். யாரக் கேட்டுடா கைய வெச்சேன்னு புடுங்கி...

ஆமா. விழல தம்பி. நான்தான் வீசினேன். செவுத்துல. டிஸ்க்குலருந்து வர்ற அந்த டக் டக் சத்தம் அப்ப வந்ததுதான்.

மருமகன் ஒரு வார்த்த திட்டல. குனிஞ்சு பொறுக்குனான். அது லெட்டர் இல்ல மாமா, உங்களுக்குப் படிக்க வராதுன்னு உங்க பையன் வாயால பேசிப் பதிஞ்சு வெச்சிருக்கான், பதினோரு நிமிஷம், நான் கேக்கலன்னான்.

பதினோரு நிமிஷம் தம்பி! கைநாட்டுன்னு சொல்ல ஒரு நொடி ஆச்சு.

உள்ள இருக்கறத எடுக்குற பெரிய எடத்துக்கு அனுப்பணுமா? அனுப்புங்க. கெடைக்க வாய்ப்பு நூத்துக்குப் பத்துதான்னாலும் அனுப்புங்க. கல்யாணப் போட்டோ, அது இது எல்லாம் போனாப் போகட்டும். அது ஒண்ணு மட்டும் எடுத்துக் குடுங்க. பதினோரு நிமிஷமும் வராதுன்னா, வந்த வரைக்கும் போதும்.

என்ன சொன்னீங்க? பையன மறுபடி பேசித் தரச் சொல்லவா?

அவன் இருந்தா நான் ஏன் தம்பி இங்க வந்து கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன். பட்டறையில பாரம் தூக்குற சங்கிலி அறுந்து அவன் மேல விழுந்துச்சு. எட்டு மாசமாச்சு. நான்தான் புடிச்சு வெளிய இழுத்தேன். அப்பான்னான். அதுக்கு மேல பேச்சு வரல.

சரி, சீட்டக் குடுங்க. பேனா வேணாம், மை டப்பா இருக்கா? எந்த எடத்துல வெக்கணும்னு காட்டுங்க. இங்கயா?

அவன் எனக்கு இன்னும் ஒரு வார்த்த பாக்கி தம்பி. பாத்து எடுங்க.