கல்லாய் இறுகிய காரையைக் கனிவோடு களைந்த கைகளுக்கு

பெரியநாயக்கன்பாளையம் நஞ்சப்பர் தரும வைத்தியசாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் கம்பவுண்டராகத் தொண்டாற்றி ஓய்வு பெறும் ஸ்ரீமான் சுந்தரராஜுலு அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து அளிக்கும் மடல்.

பல்நோய்க்குப் பகைவரே! பணிந்த மொழியினரே!

பல் வைத்தியம் என்றால் பிடுங்குவது ஒன்றே என்று இவ்வட்டாரம் நம்பியிருந்த நாளில், சென்னை சென்று பயின்று, பல்லைக் காக்கும் கலையைக் கையோடு கொண்டுவந்தவர் தாங்கள். அக்கையின் திறத்தை ஆயிரம் பேர் அறிவர். அதன் துணிவை நன்கறிந்தவர் எங்கள் வார்டு ஆயா மாரியாத்தாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசியில், அவருடைய ஈறுகளில் இரத்தம் கசியத் தொடங்கியது. பற்களின் அடியில் காரை படிந்து படிந்து கல்லாகியிருந்தது. சோளச்சோற்றை மெல்லமாட்டாமல் கரைத்துக் குடித்தார். முந்தானையால் வாயை மூடியே பேசினார். காரையைச் சுரண்டினால் பல்லும் கூடவே வந்துவிடும் என்று ஊரார் சொன்னது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட குடியிற் பிறந்த தம் வாய்க்குள் யார் விரல் வைப்பார்?

"ஏனுங்க மாரியாத்தா, வந்து உக்காருங்க" என்றீர்கள். பதினோர் ஆண்டுகளாகத் தாம் துடைத்துவந்த நாற்காலியின் விளிம்பில் அவர் உட்கார்ந்தார்.

காரை சுரண்டும் கொக்கியால் கீழ்ப்பற்கள் பாதி முடிந்திருக்கும். முறைக்குக் காத்திருந்த பண்ணைக்காரர் ஒருவர் சினந்தெழுந்தார்.

"அந்தக் கொக்கியவே எங்க வாயிலயும் உடுவீங்களா?"

மாரியாத்தாள் பதறி எழப் பார்த்தார். தாங்கள் அவர் தோளை மெல்ல அமர்த்தினீர்கள்.

"கொதிக்க வெச்சுத்தானுங்க எடுக்கறேன். அவங்க பல்லுல படியறதும் உங்க பல்லுல படியறதும் ஒரே காரைதானுங்க. சித்த நேரம் இருங்க, முடிச்சுப்போட்டு வாரேன்."

அவர் இருக்கவில்லை. நிர்வாகத்தாரிடம் புகார் போயிற்று. தங்களுக்கு வரவேண்டிய தலைமைக் கம்பவுண்டர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதைக் கேள்வியுற்ற மாரியாத்தாள், மேற்பற்களுக்குக் குறித்த நாளில் வரவேயில்லை. அவர் ஒதுங்கியிருந்த, வைத்தியசாலைத் துணி வெளுக்கும் கொட்டகைக்குத் தாங்களே தேடிச் சென்றீர்கள்.

"என்னாலதானுங்க உங்களுக்கு இத்தனையும்" என்று அவர் அழுதார்.

"பதவி போனாப் போவுதுங்க அம்மணி. வேலையைப் பாதியில உட்டுப்போட்டாத்தான் எனக்குக் கெட்ட பேரு. வாங்க."

ஆட்டங்கண்டிருந்த ஒரு பல் விழுந்தது உண்மை. மற்றவை ஊன்றி நின்றன, ஈறு ஆறியது. அந்தத் தைநோம்பிக்கு மாரியாத்தாள் வைத்தியசாலை வாசலில் நின்று, எல்லோரும் பார்க்கக் கரும்பைக் கடித்து உரித்தார். சாறு வழிய வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு இத்தனை அழகான சிரிப்பென்று அன்றுதான் அறிந்தோம்!

கடமையிற் கல்லே! கருணையிற் கனியே! இம்மடலின் ஈற்றில் வாழ்த்து வேண்டிப் பெருஞ்சொற்களை நாங்கள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, மாரியாத்தாள் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் எனக்குப் புரியலீங்க. அவரு நூறு வயசுக்கும் நெனைச்சதை நல்லா மென்னு திங்கோணும். அதை எழுதுங்க."

எழுதிவிட்டோம், ஐயா.

பெரியநாயக்கன்பாளையம்,
பங்குனி, 1937

நன்றி மறவா
மாரியாத்தாள் (கைநாட்டு), கண்ணையா, திருமலைசாமி,
மற்றும் வைத்தியசாலை ஊழியர் அனைவரும்