எஃப் இன்னும் வரலீங்க

— …இப்பக் கேட்டுதுங்களா மாமா?

— கேட்டுது. தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுன மாதிரி கேட்டுது.

— சிரிக்காதீங்க! ஆறு கம்பியில ரெண்டுதான் பேசுது. மிச்சம் நாலும் டொக்கு டொக்குங்குது.

— ஒவ்வொரு கம்பியா அடி ரஞ்சனி. மேல இருந்து.

— அடிக்கறேன்… இது?

— செத்துப்போன கம்பி.

— இது?

— அதுவும்.

— இது?

— அது உசுரோட இருக்குது. ஆனா ஆசுபத்திரியில இருக்குது.

— போங்க மாமா! நான் கிடார வெச்சுப்போட்டு ரேசன் கடைக்குப் போறேன். அங்கயாச்சும் ஏதோ கெடைக்கும்.

— இரு இரு… எஃப் கார்டுன்னா அப்பிடித்தான், ஆறு கம்பியும் ஒண்ணாப் பேசோணும். புதுசாக் கத்துக்கற எல்லாருக்கும் அந்தக் கார்டுலதான் வண்டி நின்னுக்கும். ஆள்காட்டி வெரல ஆறு கம்பி மேலயும் அப்பிடியே படுக்கப் போடோணும். அதுக்கு முன்னால மத்த மூணு வெரலும் நிக்கோணும்.

— ஒரு மாசமா இதையேதான் சொல்றீங்க. நானும் ஒரு மாசமா படுக்கத்தான் போடறேன்.

— ஐடிஐ ஆஸ்டல்ல கத்துக்கும்போது எனக்கு நாலு மாசமாச்சு.

— அப்ப எனக்கு இன்னும் மூணு மாசம் சொல்லித் தருவீங்களா?

— தர்றேன். இங்க எனக்கென்ன வேலை? மழ புடிச்சுருச்சு. ரிக்கு வண்டி தார்ப்பாயப் போத்திக்கிட்டு நிக்குது. சத்தீஸ்கர் பூராம் சேறு. இந்த மழையில எவன் போர் போடறான்?

— அப்ப பொண்டாட்டியப் பாக்க ஊருக்கு வர வேண்டீதுதானுங்களே!

— கட்டை வெரலு எங்க இருக்குது? கிடார் கழுத்துக்குப் பொறத்தாலதான?

— பேச்ச மாத்தாதீங்க. பக்கத்து ஊட்டு ஜோதியோட ஊட்டுக்காரரு ராசப்பண்ணன் வெள்ளிக்கெழம வாராராம். உங்க வண்டியில இருக்கற அத்தன பேரும் ஆடிப் பதினெட்டுக்கு வாராங்க. நீங்க மட்டும் வரலீங்கறீங்க.

— வண்டிக்குக் காவலு ஒரு ஆளு வேணுமல்ல.

— போன வருசம் அந்த ஊரு ஆளைக் காவலுக்கு வெச்சுப்போட்டுத்தான வந்தீங்க?

— அவன் வேற வேலைக்குப் போயிட்டான். நீ கார்டப் புடி.

— சரி, வீடியோவுல வாங்க. கையி எப்பிடி வெக்கறதுன்னு காட்டுங்க. வாயில சொன்னா என்ற மண்டையில ஏற மாட்டீங்குது.

— டவர் இல்ல சாமி.

— ராசப்பண்ணன் நேத்து ஜோதிகிட்ட முக்கா மணி நேரம் வீடியோவுல பேசுனாரு. ஒரே கூடாரந்தானுங்களே?

— அவன் சிம்மு வேற.

— முன்னெல்லாம் பைப்புத் துண்டுல ஆறு கோடு கிழிச்சு வெச்சுக்கிட்டு, இங்க வெய்யி, அங்க வெய்யின்னு காட்டுவீங்க. ஏ, டி, ஜி எல்லாம் அப்பிடித்தான கத்துக்கிட்டேன்? அந்தப் பைப்பு எங்கீங்க?

— இருக்குது, பக்கத்துலதான்… சரி, இப்ப ஒரு குறுக்கு வழி சொல்றேன், கேட்டுக்க. ஆள்காட்டி வெரல விட்டுரு.

— விட்டுப்போட்டு?

— நடு வெரல படுக்கப் போடு.

— நடு வெரலையா?

— ஆமா. அதுதான் நீளம், பலமும் எச்சா. மோதர வெரலும் சுண்டு வெரலும் அஞ்சாவது கம்பிக்கும் நாலாவது கம்பிக்கும் சரியாப் போயிரும்.

— இருங்க… மூணாவது கம்பிக்கு ஆரு இருக்கறா?

— அத விட்டுரு.

— அத விட்டா எஃப் இல்லீங்களே மாமா. எஃப் மைனரல்ல ஆயிரும்? அழுவற சத்தமல்ல வரும்?

— …ஆமா. அழுவற சத்தந்தான் வருது. அது உனக்கெப்பிடித் தெரியும்?

— தெரியுமுங்க, விடுங்க. ஆள்காட்டி வெரலு இருக்கயில எதுக்கு அத விடோணும்?

— ஒரு சுலுவுக்குச் சொன்னேன்.

— இது சுலுவே இல்லீங்களே! வெச்சுப் பாக்கறேன்… அய்யோ, மோதர வெரலு கிழிஞ்சுரும் போல இருக்குது. நீங்க வெச்சுப் பாத்தீங்களா?

— பைப்புல வெச்சுப் பாத்தேன். மூணு வாரமாப் பாக்கறேன். மொதல்ல நடுங்கும், அப்பறம் பழகிரும்.

— மூணு வாரமாவா?

— ஆமா.

— நீங்க எதுக்குங்க பழகறீங்க? உங்களுக்குத்தான் எஃப் கண்ண மூடுனா வருமே. அப்பறம் எதுக்கு நடு வெரல்ல பழகறீங்க?

— சும்மா… பொழுது போவாம.

— மாமா, வீடியோ போடுங்க.

— டவர்…

— வீடியோ போடுங்கன்னு சொன்னேன்.

— ரஞ்சனி, நீ மொதல்ல உக்காரு.

— உக்காந்துதான் இருக்கறேன். மடியில கிடார் இருக்குது. போடுங்க.

— …போட்டுட்டேன்.

— என்னுங்க, இப்பிடி எளச்சுக் கெடக்கறீங்க? தாடி வேற… சரி, எடது கையக் காட்டுங்க.

— இந்தா பாரு, கையி நல்லாத்தான்…

— அது வலது கையி. எடது கையக் காட்டுங்க.

— …இந்தா.

— அய்யோ!

— ரஞ்சனி…

— அய்யோ மாமா! என்னுங்க இது? என்ன துணி அது? வெரல மடக்கி வெச்சுருக்கீங்களா? மடக்கித்தான வெச்சுருக்கீங்க? நிமுத்துங்க.

— நிமுத்தறதுக்கு இல்ல சாமி.

— இல்லீன்னா?

— ரெண்டு கணு போயிருச்சு. அடிக்கணு மட்டும் நிக்குது. ஆறீருச்சு. இப்ப வலியெல்லாம் இல்ல. ரஞ்சனி? ஏம்புள்ள, ஏதாச்சும் பேசு. திட்டவாச்சும் செய்யி.

— எப்பிடீங்க? எப்பிடி ஆச்சு?

— போர்க்குழியில எறக்கற இரும்பு ராடு மாத்தயில. ஒரு ராடக் கழட்டி அடுத்தத மாட்டோணும். மேல இருந்து எறங்குச்சு… நான் கைய எடுக்கறதுக்குள்ள எறங்கிருச்சு. அவ்வளவுதான். கண்ண மூடித் தொறக்கற நேரம்.

— ராடு பக்கம் நீங்க எதுக்குப் போனீங்க? போன ஆடிக்கு என்ற தலையில கைய வெச்சு என்ன சொன்னீங்க? கம்ப்ரசர் பக்கம் மட்டுந்தான் நிப்பேன்னு சொன்னீங்களா இல்லியா?

— சொன்னேன்.

— அப்பறம்?

— ராசப்பனுக்குக் காச்சலு. ரெண்டு நாளா எந்திரிக்கவே இல்ல. அறுநூறு அடி போயிருச்சு, பாதியில நிறுத்த முடியுமா? அவன் எடத்துல நின்னேன். அன்னிக்கு ஒரு நாளுதான் நின்னேன் ரஞ்சனி.

— ராசப்பண்ணன் எடத்துலயா? அப்ப ஜோதிக்குத் தெரியுமா? இந்த மல்லசமுத்திரம் பூராம் தெரிஞ்சு, எனக்கு மட்டுந்தான் தெரியாதா?

— ஆருக்கும் தெரியாது. அவங்கிட்ட சத்தியம் வாங்கிப்போட்டேன். என்ற கையப் பாத்தாலே அவன் எந்திரிச்சு அக்கட்டால போயிக்கறான்.

— அந்த வெரலு… அந்த வெரல என்ன பண்ணுனீங்க?

— ராசப்பன் காச்சலோட எந்திரிச்சு வந்து, துண்டுல முடிஞ்சு எடுத்துக்கிட்டான். ஒட்ட வெச்சுருவாங்கன்னு நெனச்சான். ஆசுபத்திரி போய்ச் சேரவே நாலு மணி நேரமாச்சு. நசுங்கிப் போயிருச்சு, ஒட்டாதுன்னுட்டாங்க.

— கடவுளே… எந்திரிங்க.

— என்ன?

— எந்திரிச்சு நில்லுங்கன்னேன். போன தள்ளி வெச்சு நில்லுங்க. ரெண்டு காலும் இருக்குதான்னு நான் பாக்கோணும்.

— இருக்குது புள்ள…

— உங்க பேச்ச நான் இனி எதுக்கு நம்போணும்? நில்லுங்க! …லுங்கியத் தூக்குங்க. அந்தக் கால முன்னால வெய்யுங்க. இன்னொண்ணு. வெரலெல்லாம் இருக்குதா? எண்ணுங்க.

— பத்தும் இருக்குது. போதுமா?

— என்னிக்கி நடந்துது?

— வைகாசிக் கடைசியில.

— தேதி சொல்லுங்க.

— …ஜூன் பன்னண்டு, விடியக்கால மூணு மணிக்கு.

— பன்னண்டா? என்ற பொறந்த நாளுக்கு மறுநாளா? அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணுனீங்களே! ராய்ப்பூர்ல வண்டிய சர்வீசுக்கு உட்டுருக்கறம், சும்மாத்தான் படுத்துருக்கறேன்னு சொன்னீங்க. ஒன்ற மணி நேரம் பேசுனீங்க. மாமா… அன்னிக்குத்தான எஃப் ஆரம்பிச்சீங்க?

— ஆமா.

— எங்க படுத்துக்கிட்டு?

— ஆசுபத்திரியில. காலையில தையல் போட்டாங்க. மத்தியானம் மரப்பு ஊசி தெளிஞ்சுருச்சு. உசுரு போற வலி ரஞ்சனி. உங்கிட்டப் பேசிக்கிட்டே இருந்தா கொஞ்சம் தெரியாம இருந்துச்சு. என்ன பேசறதுன்னு தெரியல. அந்த வெரலு நெனப்பாவே இருந்ததுனால வாயில எஃப்தான் வந்துச்சு.

— ஆள்காட்டி வெரல அழுத்து, இன்னும் அழுத்துன்னு சொன்னீங்க. வெரலே இல்லாமப் படுத்துக்கிட்டா சொன்னீங்க? நான் வேற… "உங்களுக்கென்ன, சுலுவாச் சொல்லிப்போடுவீங்க, எனக்குத்தான வெரலு நோவுது"ன்னு சண்டை போட்டேனே!

— போட்ட. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நர்சம்மா என்னமோ ஏதோன்னு ஓடி வந்துச்சு.

— சிரிச்சீங்களா? நீங்கெல்லாம் ஒரு மனுசனா? கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு வார்த்த சொல்லாம… நான் இங்க வேளா வேளைக்குத் தின்னுபோட்டு, டிவி பாத்துக்கிட்டு, ஜோதிகூடச் சந்தைக்குப் போயிட்டு இருந்திருக்கறேன். எனக்கு என்ற மேலயே ஆத்திரமா வருது.

— சொல்லியிருந்தா நீ கெளம்பி வந்துருப்ப.

— வந்துதான் இருப்பேன்! பாஷ தெரியாட்டிப் போவுது, ரயிலேறி வந்துருப்பேன். சோறு ஊட்டியிருப்பேன். ஆருங்க உங்களுக்குச் சோறு போட்டா? ஆரு தலை வாரி உட்டா?

— எல்லாம் ராசப்பந்தான்.

— இப்பவும் ஊருக்கு வர மாட்டேங்கறது இதுக்காவத்தான? நான் பாத்துருவேன்னுதான?

— நீ பாக்கறதுக்குக் கூட இல்ல… ஊட்டுல கிடார் இருக்குதல்ல.

— இருந்தா?

— நான் வந்ததும் நீ என்ன பண்ணுவ? பைய வாங்கி வெச்சுப்போட்டு, காப்பி கூடக் குடுக்காம, கிடாரத் தூக்கி மடியில வெப்ப. "ஒண்ணு அடிங்க மாமா"ம்ப. ஒவ்வொருக்காவும் அதான? இப்ப அப்பிடி வெச்சா நான் என்ன பண்றது? வெரலு போனதுக்கு ஒரு நாளுதான் அழுதேன். இத நெனச்சா தெனமும் அழுவாச்சி வருது. நடு வெரலயாவது பழக்கிக்கிட்டு வரலாம்னு பாத்தேன். மைனரா வந்தாலும் பரவால்லன்னு…

— மாமா… அழுவாதீங்க. என்னயப் பாருங்க.

— அழுவுல. மூக்கடைப்பு. மழையல்ல இங்க.

— ஆமா, மழதான். இங்க மழையே இல்ல, எனக்கும் மூக்கடைச்சுக்குது.

— நீ ஒண்ணு பண்ணு. எப்பிடியாச்சும் எஃப்பப் புடிச்சுரு. எனக்கு இனி வராதுன்னு ஆயிப்போச்சு. நீயும் வரலீன்னு உட்டுப்போட்டா, அந்தக் கிடார மூலையிலதான் சாத்தோணும். நீ அடிச்சு நான் கேட்டாக்கூடப் போதும்.

— வெள்ளிக்கெழம ராசப்பண்ணன்கூட வண்டி ஏறுவீங்களா, மாட்டீங்களா?

— உனக்கு எஃப் வரட்டும். வந்த அன்னிக்கே நானும் கெளம்பி வாரேன்.

— நெசமாவா?

— நெசமா. ஆனா அவசரப்படாத. உன்ற கையி இன்னும் பக்குவப்படல. தீவாளி ஆவும்.

— பேச்சு மாற மாட்டீங்களே?

— மாற மாட்டேன்.

— அப்ப போன காதுகிட்ட வெய்யுங்க… கேளுங்க.

— …

— கேட்டுதுங்களா?

— ஆரு அது?

— ஆருன்னா?

— யூட்டியூப்பு போட்டியா?

— வீடியோவுலதான இருக்கறேன். என்ற கையப் பாத்துக்கிட்டே கேளுங்க. ஒவ்வொரு கம்பியா அடிக்கறேன்… ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு… ஆறு. போதுங்களா?

— ஆறும் பேசுது! ஏம்புள்ள… ஆறும் பேசுது! இப்பத்தான டொக்கு டொக்குன்னு அடிச்ச? ஒரு மாசமா டொக்குன்னுதான அடிச்ச? இது எப்ப வந்துச்சு உனக்கு?

— நீங்க சொல்லிக்குடுத்து பத்தாம் நாளே வந்துருச்சுங்க. வந்துருச்சுன்னு சொன்னா, "சாப்பிட்டியா, சரி வெய்யி"ன்னு பாடமில்லாத நாளாட்ட ரெண்டு நிமிசத்துல போன வெச்சுப்போடுவீங்கன்னுதான், தெனமும் வெரல கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கிட்டே அடிச்சேன்.