முதல் சொட்டு தண்ணீர்

மேடையிலிருக்கும் பெரியோர்களே, அக்காவின் மகளே, மருமகனே, 'இவன் கையில் மைக்கைக் கொடுத்தது யார்?' என்று பின்வரிசையில் முணுமுணுக்கும் என் சக ஆய்வாளர்களே, வணக்கம்.

நம் பால் பரிசோதனை ஆய்வகத்தின் தலைமை ஆய்வாளர், நாம் முதுகுக்குப் பின்னால் மட்டும் 'சொட்டக்கா' என்றழைத்த அந்த அம்மையார், இன்று இல்லை. ஏன் அந்தப் பெயர்? குடம் நிறையப் பால் வந்தாலும், "ஒரு சொட்டு போதும்ப்பா" என்பார். அவருடைய சோதனைக் கருவி, நகத்தளவு கண்ணாடிச் சில்லு. அதில் தலைமுடியளவு வாய்க்கால். வாய்க்காலின் அடியில் கண்ணுக்கே தெரியாத வெள்ளி முட்கள். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் பாலில் இம்மியளவு கலந்திருந்தாலும் அந்த வெள்ளி கோள் சொல்லிவிடும். கோள் சொல்வதில் அதற்கு ஈடு இங்கே நான் ஒருவன்தான்!

ஆனால் ஒரு சேதியை மட்டும் பதினொரு ஆண்டுகளாக விழுங்கி வைத்திருக்கிறேன். சொல்லட்டுமா?

அன்று பால்பண்ணை அண்ணனின் பாலில் மருந்து இருப்பதாகச் சில்லு காட்டியது. நான் துள்ளினேன். "அக்கா, மனுஷன் மாட்டிக்கிட்டாரு! இன்னிக்கே அறிக்கை அனுப்பிடலாம்." அனுப்பியிருந்தால் பண்ணைக்குப் பூட்டு. அண்ணனோ வாசலில் நின்று, "ஊசியே போடலைம்மா, மாட்டு மேல சத்தியம்" என்று மன்றாடுகிறார்.

அக்கா பதறினாரா? "பாலை விடுப்பா. புது சில்லுல வெறும் தண்ணி ஒரு சொட்டு வை."

வைத்தேன். தண்ணீரிலும் மருந்து!

"தண்ணிக்குமாப்பா காய்ச்சல்? எங்க, கையைக் காட்டு."

காட்டினேன். முந்தின நாள் வெட்டுப்பட்ட விரலில் நான் தாராளமாக அப்பியிருந்த களிம்பு பளபளத்தது. அதே மருந்து! கையுறை? சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

"வெள்ளி பொய் சொல்லலை. உன்னைத்தான் காட்டிக் கொடுத்திருக்கு."

அவ்வளவுதான் திட்டு. வாசலுக்குப் போய், "தப்பு எங்க மேல, மன்னிச்சுக்குங்க" என்று அண்ணனிடம் கைகூப்பினார். நடந்ததை மேலிடத்துக்கும் தெரிவித்தார்; யார் செய்த தவறு என்று அவர்கள் கேட்டபோதும் 'ஆய்வகம்' என்றே எழுதினார். என் பெயரை எழுதியிருந்தால் இன்று நான் எங்கே இருந்திருப்பேன்?

மூன்றாம் வரிசையில் இருக்கும் பால்பண்ணை அண்ணே, அந்தக் கை இந்தக் கைதான். மன்னியுங்கள்.

மறுநாள் முதல், காலையில் கதவு திறந்ததும் அக்கா சொல்லும் முதல் வார்த்தை, "கை." தலை நரைத்தவர்கள் எல்லாம் பள்ளிப்பிள்ளைகளைப் போல நீட்டினோமே, நினைவிருக்கிறதா? அதன்பிறகு சில்லில் முதல் சொட்டு தண்ணீர். அப்புறம்தான் ஊரார் பால்.

அந்த முதல் சொட்டு, நான் இருக்கும்வரை நிற்காது. இது உறுதி! நாளைக் காலையும் கதவைத் திறப்பேன். பழக்கதோஷத்தில் கையை நீட்டுவேன். நீட்டிய கையைப் பார்க்கத்தான் அக்கா இருக்கமாட்டார்.