கைய எடுத்துராதீங்க தம்பி

...எவன் உரசுனான்னு மட்டும் தெரியட்டும், அவனச் சும்மா விடமாட்டேன். வாங்க தம்பி, கிட்ட வாங்க. நீங்கதானே மாடிக்குப் புதுசாக் குடிவந்தவரு? சாமான எறக்குன கையோட ஊருக்குப் போயிட்டீங்கன்னு எதுத்த வீட்டுக்காரரு சொன்னாரு. இன்னக்கித்தான் வாரீங்களாக்கும். நல்ல நேரத்துல வந்தீங்க. கையில என்ன, ஹெல்மெட்டா? கீழ வைங்க. சாவியச் சட்டைப்பையில போடுங்க. இந்தாங்க கிளவுசு. மாட்டுங்க. மாட்டுங்கங்கறேன்ல! பேச்செல்லாம் அப்பறம். ரெசின் பசை காயுது.

துணியோட இந்த மூலைய உள்ளங்கையால அமுக்குங்க. அந்த மூலைக்கு ரெண்டு கட்டவெரல். அம்புட்டுத்தான். கைய மட்டும் எடுத்துராதீங்க. எடுத்தா வண்டி டேங்க்கு வளைவுல துணி தூக்கிரும்.

என்ன துணியா? கார்பன் பைபரு. பாய் பின்னுன மாதிரி இருக்குல்ல? ரேஸ் வண்டிக்கு ஒடம்பே இதுலதான் செய்வானுங்களாம். நமக்கு ஒடம்பெல்லாம் வேணாம். மேல போத்துனாப் போதும். கீறல் மறையணும். அதான் சோலி.

மாப்பிள்ளை வண்டி தம்பி! எம்பொண்ணு ஷாஹினாவக் கட்டுன மாப்பிள்ளை, ரஃபீக்கு. துபாய் போறப்பத் தனியாக் கூப்புட்டு, "மாமா, வண்டி ஒங்க பொறுப்பு. ஓட்ட வேணாம், பாத்துக்கிட்டாப் போதும்"னு சொன்னாப்ல. அந்த "ஓட்ட வேணாம்"ங்கறத மட்டும் ரெண்டு தடவ சொன்னாப்ல. எனக்குச் சுருக்குன்னுச்சு. மாப்பிள்ளையில்ல, பொறுத்துக்கிட்டேன். ஒரு நாளு ஏறி ஒக்காந்ததில்ல. கவரப் போட்டு மூடி இந்த வேப்பமரத்தடியில நிறுத்துனதோட சரி. நாளைக்கு வாராப்ல. தொடச்சு வைப்போமேன்னு முந்தாநேத்து கவரத் தூக்குறேன்... டேங்க்குல ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்! அவரு மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது? ஓட்டவே இல்லன்னா எப்பிடி மாமா கீறல்னு கேப்பாப்ல. ஓட்டிக் கீறுனாலாவது, ஓட்டுன சொகம் மிஞ்சியிருக்கும்!

என்ன, ஏதோ சொல்லணுமா? சொல்லலாம் இருங்க. அமுக்குங்க மொதல்ல.

சந்தேகம் மொதல்ல எம்பொஞ்சாதி மேலதான். ஆரிபா. நான் வத்தலக்குண்டுல தங்கச்சி மகன் கடைத் தெறப்புக்குப் போயி நாலஞ்சு நாளு தங்கிட்டேன். இங்க இருந்தவ அவதானே? கேட்டேன். கேட்டேன்னா... கொஞ்சம் சத்தமாத்தான். "நாஞ்சொல்றதக் கேளுங்க, அந்த வண்டி..."ன்னு ஆரம்பிச்சா. சாக்குப்போக்கு சொன்னா எனக்கு ஆகாது. "வாய மூடு"ன்னேன். மூடிட்டா. அன்னைலருந்து தொறக்கல. காபி வருது, டம்ளரு டங்குன்னு எறங்குது, அம்புட்டுத்தான் பேச்சு. வெஞ்சனத்துல உப்பு இல்ல. ஆனா நான் இந்த வண்டிகிட்ட ஒக்காந்தா மட்டும் சன்னல் வழியாப் பாத்துச் சிரிக்கிறா தம்பி. அதான் ஒண்ணும் வெளங்கல.

அடுத்தது வாசக் கூட்டுற கருப்பம்மா. வெளக்கமாத்துக் கம்பு பட்டிருக்கும்ல? கேட்டேன். வெளக்கமாத்த அங்கனயே போட்டுட்டுப் போயிட்டா. இன்னக்கி வாச நாந்தான் கூட்டுனேன். தண்ணிக் கேன் போடுறவன்கிட்ட கேட்டேன். கேன் நின்னு போச்சு. இனிப் பூனைகிட்டதான் கேக்கணும்.

கடையில குடுத்துப் பெயிண்ட் அடிக்கலாமேன்னு பாக்குறீங்களா? ஒரு வாரம் ஆகும்ங்கறான். அதுக்குள்ள மாப்பிள்ளை வந்து எறங்கிருவாப்ல. போன்ல ஒரு வீடியோ. ஒருத்தன் வீட்டுலயே செய்யிறான், ஹிந்தியில. பாஷை புரியாட்டி என்ன, அவன் கை செய்யிறது தெரியுதுல்ல? மொதல்ல உப்புத்தாளப் போட்டுத் தேக்கணும். தேச்சேன். கீறல் போகட்டும்னு தேச்சதுல பெயிண்டும் சேந்து போயிருச்சு. இந்தப் பக்கம் போனதும் அந்தப் பக்கம் அசிங்கமாத் தெரிஞ்சுச்சு. அதையும் தேச்சுட்டேன். ஏன் தம்பி மொனங்குறீங்க? கை வலிக்குதா? இந்த வயசுலயேவா?

அப்பறம் ரெசின். அது இறுகுறதுக்கு ஹார்டனர்னு ஒண்ணு கலக்கணும். அளந்து ஊத்தணுமாம். சீக்கிரம் காயட்டுமேன்னு நான் கூடுதலா ஊத்துனேன். டப்பா கொதிச்சுப் பொகை கெளம்பிருச்சு! தூக்கி வீசுனேன். அந்தா கெடக்கு பாருங்க, கல்லாட்டம். இது ரெண்டாவது டப்பா.

பசை பூசிட்டு, செத்த நேரம் இறுக விட்டுத்தான் துணிய விரிக்கணுமாம். வீடியோவுல சும்மா ஒக்காந்து கடியாரத்தக் காட்டுறான். அந்த எடத்தத் தள்ளி விட்டுட்டேன். துணி இழுக்க எனக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா? பேகம்பூர் தோல் ஷாப்புல, தோலு பதம் பண்ணுற எடத்துல, காலம் பூராத் தோலு இழுத்த கை இது. தோலுன்னா மொதல்ல ஊறணும். அதுனால இதையும் நேத்து வாளியில ஊறப் போட்டேன். என்ன அப்பிடிப் பாக்குறீங்க? காய வச்சுட்டேன்ல! கொடியில போட்டிருந்தேன், எதுத்த வீட்டுக்காரரு "என்ன பாய், புதுக் கைலியா"ங்கறாரு. ஊறுனதுல ஓரமெல்லாம் நூலு நூலாப் பிரிஞ்சு தொங்குது. தோலு இப்பிடிப் பண்ணாது தம்பி. தோலுக்கு மருவாதி தெரியும்.

வீடியோக்காரன் ஓரத்துக்குக் கிளிப்பு மாட்டுறான். தோல் ஷாப்புல ஏது கிளிப்பு? எதுத்தாப்ல ஒருத்தன் புடிப்பான், இந்தப் பக்கம் நான் இழுப்பேன். அந்த ஒரு ஆளு வேணும்னுதான் விடிஞ்சதுலருந்து பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க வந்து சிக்குனீங்க.

என்னது? வேலைக்கு நேரமாச்சா? போங்களேன், யாரு வேணாம்னா? காஞ்சதும் போங்க. எதுல போறீங்க, பஸ்ஸுலயா? வண்டியிலயா? ஒங்களுக்கும் வண்டி இருக்கா? எங்க நிக்குது?

என்ன, கண்ணால டேங்க்கக் காட்டுறீங்க?

தம்பி, வெளாடாதீங்க. இது ரஃபீக்கு வண்டி. அதே கம்பெனி, அதே கறுப்பு, அதே கவரு. நம்பரா? நம்பர எதுக்குப் பாக்கணும்? வீட்டு வண்டி எனக்குத் தெரியாதா? தூசி விழுமேன்னு டேங்க்குப் பக்கம் மட்டுந்தான் கவர ஒதுக்குனேன்...

யாரு? ஆரிபாவா? நீங்க குடிவந்த அன்னக்கா? நான் ஊருல இல்லாதப்பவா? லாரி உள்ள வர வழியில்லன்னு ரஃபீக்கு வண்டியத் தள்ளி மாடிப்படிக்கு அடியில விட்டாளா... சரி. ஒங்க வண்டி மேல வேப்பம்பழமாக் கொட்டுதேன்னு அந்தக் கவர எடுத்து இதுக்குப் போத்துனாளா... ம். கீறலு?

லாரியில கயிறு உரசுனதா. ஓஹோ.

அசையாதீங்க, அசையாதீங்க! சாவிய நானே எடுக்குறேன். சட்டைப்பையிலதானே? ம். வண்டியில போட்டாச்சு. திருப்புறேன்...

திரும்பிருச்சு. பூட்டுக்குப் பேரு போன திண்டுக்கல்லுல சாவி சேந்துட்டா அதுக்கு மேல சாட்சி எதுக்கு.

இங்கனருந்து எட்டிப் பாத்தா... ஆமா, படிக்கு அடியில, அந்தச் சைக்கிளுக்குப் பின்னாடி. மின்னுது. ஒரு கோடு கெடையாது! அல்லா காப்பாத்துனான். நாளைக்கு மாப்பிள்ளை மூஞ்சியில நல்லாவே முழிக்கலாம்.

ஏ ஆரிபா! உள்ள என்ன சிரிப்பு? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா இருந்த? சொல்றதுக்கு என்ன? யாரு மூடச் சொன்னது? நானா? ...சரி, நாந்தான். விடு. வாயத் தொறந்துட்டல்ல, அது போதும். கருப்பம்மாவையும் நீயே போயிக் கூட்டிட்டு வா, நான் போனா வரமாட்டா. அதுக்கு முன்னாடி தம்பிக்கு ஒரு காபி. டம்ளர்ல வேணாம், அவருக்குக் கை ஒழியல. ஸ்ட்ரா போட்டுக் கொண்டா!

என்ன தம்பி மொறைக்கிறீங்க? அட, எங்க நழுவப் பாக்குறீங்க? ஒங்க வண்டிதானே இது?

அப்ப இன்னும் நல்லா அமுக்கிப் புடிங்க!