சிறந்த தொண்டர் ராஜதுரை

முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் தினமும் முதலில் எழுந்து கழிப்பறைக்குத் தண்ணீர் பிடித்து வைத்தது நான்தான் சார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அப்படிச் செய்வது எனக்குப் பிடிக்கும்.

மூன்று வருடமாக நான் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர் பிரதிநிதி. பெரம்பலூரில் எங்கள் கல்லூரி விடுதிக்குக் குடிதண்ணீர் வராவிட்டால் முதல்வர் அறை வாசலில் போய் நின்றது நான். ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டால் ஆள் திரட்டியதும் நான். எங்கள் கல்லூரிப் பூவிழி அந்தத் திட்டத்தில் சேர்ந்ததே எனக்குப் பிறகுதான். நல்ல பெண். அவளைப் பற்றி நான் ஒருநாளும் தவறாகப் பேசியதில்லை.

பல்கலைக்கழகத்தின் சிறந்த தொண்டர் விருதுக்குக் கல்லூரிக்கு ஒரு பெயர்தான் அனுப்பலாம். திட்ட அலுவலர் ஜெயலட்சுமி மேடம் அவள் பெயரைத் தேர்ந்தெடுத்தார்.

"நீ செய்யறதெல்லாம் தெரியும்ப்பா. ஆனா வெளியில தெரியற மாதிரி ஒண்ணு வேணும்ல. பூவிழி ஊர்ப் பொம்பளைங்களுக்கு எழுதப் படிக்கக் கத்துக்கொடுத்தது பேப்பர்லயே வந்துச்சு."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வெளியில் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி, அப்படியே விட்டுப்போன குழிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழைத்தண்ணீர் நின்று பச்சையாகக் கிடக்கும். முகாம் நடந்த ஊரிலும் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் கால் வைத்தால் மண் சரியும். குளிக்கப் போனபோது நானே சறுக்கி விழுந்திருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியும். பூவிழிக்குத் தெரியாது.

கடைசி நாள் குழியைச் சுற்றிக் குப்பை பொறுக்கினோம். தண்ணீரோரம் சில பாட்டில்கள் கிடந்தன.

"அதையும் எடுத்துடு பூவிழி" என்றேன்.

"எடுக்குறேன். விருது வாங்குறப்ப நீயும் மேடைக்கு வரணும் ராஜதுரை. மேடம்கிட்ட சொல்லிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

மண் சரிந்தது.

சரியும் என்று தெரிந்துதான் இறங்கச் சொன்னேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தேன். ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. முகாமுக்கு வந்திருந்த அறிவழகன் செல்போனோடு மண்மேட்டுக்கு அந்தப்புறம் மற்றவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கத்திக் கூப்பிட்டேன். சட்டையைக் கழற்றிக் கல்மேல் வைத்தேன். அவள் என்னையேதான் பார்த்தாள். ஒருமுறை கையை நீட்டினாள். நான் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறிவழகன் தலை தெரிந்ததும் குதித்தேன். அதற்குள் அவள் அடியில் போயிருந்தாள். தூக்கி வந்தபோது மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் அப்பா கண்ணையன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீயாச்சும் உசுரப் பாக்காம குதிச்சியே தம்பி" என்று அழுதார்.

அத்தனை வருடத்தில் நான் செய்த ஒன்றை ஒருவர் வாய்விட்டுப் பாராட்டியது அன்றுதான். பிறகு விருதும் எனக்கே வந்தது. மேடையில் அவளுக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதற்கு ஏற்பாடு செய்ததும் நான்தான்.

ஆடு மேய்க்கிற பாப்பாத்தி அம்மா எதிர்க்கரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்ததாக இந்த ஸ்டேஷனில் வந்து சொல்லியிருக்கிறார் என்றீர்கள். அவர் சொன்னது சரி. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது சார்.

தெரிந்திருந்தால் உடனே குதித்திருப்பேன்.