அக்கா சொன்னதாக நான் சொன்னவை

இருண்டுபோன திரைக்கு முன்னால் பதறாமல் உட்காரத் தெரிந்தவனே முழு மனிதன். இந்த அளவுகோலின்படி எங்கள் குடும்பத்தில் முழு மனிதன் நான் ஒருவன்தான். தெருவையும் என் கல்லூரியையும் சேர்த்துக்கொண்டாலும் எண்ணிக்கை கூடாது. இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மற்றவர்கள் எப்படி என்று பாருங்கள். சலவைக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, அக்காவின் கணினித் திரை இருண்ட அன்று அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோல் அதன் ஓரத்தைத் தட்டி, "வாடி தங்கம், வந்துடு, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினார். அது வரவில்லை. கொஞ்சம் நகர்ந்து வேறு கோணத்திலிருந்து கெஞ்சினார். பதில் சொல்லாத பொருளிடம் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிற ஒரே விலங்கு மனிதன் என்று இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டினேன். யாரும் படிக்கவில்லை. என் கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை. இது தகவல் மட்டுமே. வருத்தம் ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்டது இதுதான். அன்று உங்கள் முன்னால் எழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு நான் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தபோது, அக்கா ஏன் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள்? சொல்கிறேன். தண்ணீர் குடியுங்கள், அவசரமில்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பியவள், அப்படியே சரிந்தாள். மூளைத்தண்டில் அடைப்பு என்றார்கள். கை, கால், நாக்கு எல்லாம் நின்றுவிட்டன. அறிவு நிற்கவில்லை, கண்ணும் நிற்கவில்லை. மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை. மீதியெல்லாம் எழுத்துப் பலகையில். அட்டையில் வரிசையாக எழுதிய எழுத்துகளின் மேல் நான் விரலை நகர்த்திக்கொண்டே போவேன். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் மேலே பார்ப்பாள். அம்மாவும் இதை முயன்று பார்த்தாள். மூன்றாவது எழுத்துக்குள் அழுகை வந்து பலகையே தெரியாமல் போய்விடும். சித்தப்பா இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்து, போர்வை கேட்டவளுக்குப் பல்பொடி எடுத்துக்கொண்டு வருவார். ஆகவே அக்காவின் வாயாக நான் நியமிக்கப்பட்டேன்.

ஆரம்பத்தில் உள்ளது உள்ளபடி படித்தேன். ஒரு முறை உறவுக்காரர்கள் கூட்டமாகப் பார்க்க வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா 'தண்ணீர்' என்று சொன்னாள். நான், "வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி குடுங்க, என்னைப் பார்த்து நாக்கு ஒட்டிப்போய் நிக்கறாங்க" என்று படித்தேன். அறை முழுக்கச் சிரிப்பு. பெரியம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். "இந்த நிலைமையிலயும் இவளுக்குக் குசும்பு போகலை பாரு" என்றாள். சுவரில் ஒட்டினால் ஒருவரும் திரும்பிப் பார்க்காத அதே சரக்கு. அக்காவுக்குத் தண்ணீர் கொடுக்க மறந்துவிட்டோம் என்பது வேறு விஷயம்.

அதன் பிறகு அக்கா பெரிய நகைச்சுவைக்காரி ஆனாள். ஆட்கள் அவளைக் கேட்கவே வந்தார்கள். அவளுக்குச் சில ருசிகளும் வளர்ந்தன. எனக்குக் குளிரும்போது அவளுக்கு மின்விசிறி வேண்டாமென்றிருக்கும். கால்பந்துப் போட்டி நடக்கும் நாள்களில் தொலைக்காட்சியைத் தன் அறைக்கே கொண்டுவரச் சொல்வாள். அவள் கண்ணை மூடினால், "தூக்கம் வருது, ஆனா ஆட்டம் ஓடட்டுமாம்" என்பேன். யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. அவளோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். கணினிதான், ஆனால் திரைக்குக் கீழே ஒரு கேமராப் பட்டை இருக்கும். அவள் எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அதை அது பிடித்துக்கொள்ளும். வாக்கியம் முடிந்ததும் ஒரு குரல் அதைப் படிக்கும். ஊரே கூடி நின்றது. அக்கா நிதானமாக எழுதினாள். குரல் படித்தது: "நான் இதுவரை ஒரு நகைச்சுவையும் சொன்னதில்லை."

அவள் சொன்னதிலேயே இதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

"நிஜமாகத்தான்" என்றது குரல். மறுபடியும் சிரிப்பு. "கால்பந்தை அணையுங்கள். அதை நான் கேட்கவே இல்லை." சித்தப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "என்னம்மா கலாய்க்கறா தம்பிய" என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். எங்கள் குடும்பம் நல்ல குடும்பம், மேடம். எதையும் தவறாக எடுத்துக்கொள்ளாது.

ஆனால் அன்றிலிருந்து என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "அக்கா என்னடா சொல்றா?" என்று என் அறைக் கதவில் வந்து நிற்கும் அம்மா, நேராக அக்காவின் அறைக்குப் போனாள். அங்கிருந்து பேச்சுக் குரல் கேட்கும். சாப்பிடும்போது, "அக்கா சொன்னா, நீ ரொம்ப மெலிஞ்சிட்டியாம்" என்று எனக்கே செய்தி வரும். அவள் சொல்வதை எனக்கு இன்னொருவர் எடுத்துச் சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் கோபப்படவில்லை. மாற்றம் இயற்கை.

அந்த நாள்களில்தான் அவள் உங்கள் மையத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். அவளைப் போன்றவர்கள் தங்க அறை, பக்கத்திலேயே பள்ளி, இயந்திரத்தின் துணையோடு பிள்ளைகளுக்கு மறுபடியும் வேதியியல். நாள் கணக்கில் கண்ணாலேயே எழுதினாள். இரவல் வாயில் வராமல் விண்ணப்பதாரரே நேரில் சம்மதம் சொல்ல வேண்டும், அதற்கு ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று நீங்கள் பதில் போட்டீர்கள். அம்மா அழுதாள், ஆனால், "உனக்குப் பிடிச்சா போம்மா" என்றாள்.

கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று ஓர் அறிவிப்பு அப்போது திரை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. பாதுகாப்புக்காக எல்லோரும் ஏற்றத்தான் சொல்கிறார்கள். ஏற்றினேன். அது முடிந்து மறுபடி கிளம்பியபோது திரை இருண்டது. அதைத்தான் சித்தப்பா தட்டிக்கொண்டிருந்தார்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. கணினிக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு பலகை உண்டு. திரையில் படம் காட்டுவதும், கேமரா பார்ப்பதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்வதும் அதுதான். ஆனால் அதனால் இயங்குதளத்தோடு நேரடியாகப் பேச முடியாது. நடுவில் டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் நின்று, இது சொல்வதை அதற்கும் அது சொல்வதை இதற்கும் எடுத்துச் சொல்லும். புதிய பதிப்பு, பழைய டிரைவரைத் தூக்கிவிட்டு, தனக்குத் தோன்றிய ஒன்றைப் போட்டுவிட்டது. கார்டு நன்றாக இருந்தது. கேமராவும் நன்றாக இருந்தது. நடுவில் நின்றவன் மட்டும் சரியில்லை.

"டிரைவர் போச்சுன்னா வண்டி நிக்கத்தானேடா செய்யும், வேற ஆளைக் கூட்டிட்டு வா" என்றார் சித்தப்பா. கடைக்காரர்கள் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று சொன்னேன். வாரண்டி என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. ஒருவரும் கிட்டே வரவில்லை.

நான் சரிசெய்தேன். அன்று மதியமே. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன், கவனியுங்கள். சேஃப் மோடு என்கிற பாதுகாப்பு நிலையில் கணினியைக் கிளப்பினேன். புதிய டிரைவரை வேரோடு எடுத்தேன். இணையக் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பழையதை ஏற்றினேன். கேபிளைப் பிடுங்காவிட்டால் இயங்குதளம் தானாகவே மறுபடி தனக்குப் பிடித்ததை இறக்கிப் போட்டுக்கொள்ளும். திரை வந்தது, கேமராப் பட்டையில் விளக்கு எரிந்தது, அக்காவின் பார்வை போன இடமெல்லாம் திரையில் அம்புச் சுட்டி போனது. அறையில் நாங்கள் இருவர்தான். அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுதினாள். குரலின் சத்தத்தை நான் குறைத்து வைத்திருந்ததால் எனக்கு மட்டுமே கேட்டது.

"அம்மாவைக் கூப்பிடு."

அவ்வளவுதான். சரிசெய்தவன் எதிரில் நிற்கிறேன். தேங்க்ஸ் என்று ஒரு வார்த்தை எழுத எவ்வளவு நேரமாகும்?

கேபிளை எடுத்து மறுபடி சொருகினேன். நான் செய்தது அந்த ஒன்றுதான். மீதியை இயங்குதளம் பார்த்துக்கொண்டது. அக்காவின் பார்வை என் கையோடு கேபிள் வரைக்கும் வந்தது, சுவர் வரைக்கும் போனது, பிறகு என் முகத்துக்கு வந்து நின்றது. அவள் வேதியியல் படித்தவள். எதை எதில் சேர்த்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். திரை ஒரு முறை கண் சிமிட்டி இருண்டது. "அம்மா, இன்னும் சரியாகலை" என்று குரல் கொடுத்தேன். "பரவாயில்லடா, நீ இருக்கியே" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து. அந்தப் பதிலைக் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது தெரியுமா.

அதன் பிறகு தினமும் பழுது பார்த்தேன். பெட்டியைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்து, அதிலிருந்த தூசியை அம்மாவுக்குக் காட்டினேன். தூசியைக் காட்டினால் யாரும் எதையும் நம்புவார்கள். அக்காவின் கட்டில் எதிரிலேயே உட்கார்ந்துதான் இதையெல்லாம் செய்தேன். அவளிடமிருந்து நான் எதையும் மறைக்கவில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள்.

"இயந்திரத்துலயே சொல்லிட்டா நல்லா இருக்குமே" என்றீர்கள்.

"டிரைவர் பிரச்சினை, மேடம்."

"பலகையே போதும்மா" என்றாள் அம்மா, "இவன் படிச்சா அவளே பேசற மாதிரி இருக்கும்." அம்மாவின் முகத்தைப் பார்த்து நீங்கள் விதியைத் தளர்த்தினீர்கள். நீங்கள் இரக்கமுள்ளவர். அதற்காக உங்களை நான் குறை சொல்லவில்லை.

நான் விரலை நகர்த்தினேன். அவள் ஓர் எழுத்தில் மேலே பார்த்தாள். நான் வேறொன்றைப் படித்தேன். அவள் கண்ணை மூடினாள். மறுபடி நகர்த்தினேன். மறுபடி மேலே பார்த்தாள், மறுபடி வேறொன்று, மறுபடி மூடினாள். அவள் சொன்னது, 'போகிறேன், இன்றே.' நான் படித்து முடித்தது, 'அம்மாவை விட்டு வர மாட்டேன்.'

"கண்ணை மூடிக்கிட்டே இருக்காங்களே?" என்று கேட்டீர்கள். நல்ல கவனிப்பு.

"வெளிச்சம் கூசுது அவளுக்கு" என்றேன். அம்மா எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுதுகிறவனுக்குக் கடைசி வரி ஒன்று தேவைப்படுகிறது. "உங்க இடத்துல கால்பந்து போடுவாங்களான்னு கேக்கறா" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா சிரித்து, அழுது, அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியிலும் கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "என்னை விட்டுப் போக மாட்டியாடி என் கண்ணே" என்றாள். அம்மாவின் கைகளுக்கு நடுவில் அக்கா கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். இறுக்கி மூடினால் எங்கள் வழக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொன்னேன். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் முத்தம் கொடுக்கும்போது யார்தான் கண்ணை மூட மாட்டார்கள்?

அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டதாக நீங்கள் சொன்னபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு முழுப் பதில்: ஆமாம், நான்தான். புதிய பதிப்பை ஏற்றியதும் நான்தான். 'அவர்கள் வந்து போகும்வரை அதைத் தொடாதே' என்று அக்கா இயந்திரத்தில் என்னிடம் இரண்டு முறை சொன்ன பிறகு ஏற்றினேன். இதை நீங்கள் தாராளமாக அம்மாவிடம் சொல்லலாம். அவள் நம்ப மாட்டாள். அவளையே கேட்போம் என்று அக்காவிடம் போவாள். அக்கா என்ன சொல்கிறாள் என்பதை என்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் இயந்திரம் இப்போது நன்றாக ஓடுகிறது, மேடம். நீங்கள் போன மறுநாளே சரிசெய்துவிட்டேன். எனக்கு வன்மம் கிடையாது. சுட்டி திரை நடுவில் தயாராக நிற்கிறது. கேமரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவள்தான் பார்ப்பதில்லை. யார் வந்து நின்றாலும் கண்ணைத் திறப்பதில்லை. கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். பலகையோடு நான் தனியாக இருக்கும்போது மட்டும் திறக்கிறாள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். "தம்பி இருக்கறப்ப இந்தப் பெட்டி எதுக்குன்னு நினைக்கறா போல" என்கிறார் சித்தப்பா. கூட்டம் வருவது நின்றுவிட்டது. அவள் பெயரில் நான் எது சொன்னாலும் முன்போல் யாரும் சிரிப்பதில்லை, "அப்படியா" என்கிறார்கள்.

சாயங்காலம் அம்மா கதவில் வந்து நின்று, "என்னடா சொல்றா?" என்கிறாள். "நல்லா இருக்காளாம், உன்னைச் சாப்பிடச் சொல்றா" என்கிறேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலின் பக்கத்தில் முட்டி போட்டு உட்காருகிறேன். கன்னத்தை மெதுவாகத் தட்டி, "அக்கா, வாக்கா, ஒரே ஒரு எழுத்து, திட்டவாவது செய்" என்கிறேன். பதில் வருவதில்லை. கொஞ்சம் நகர்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுப் பார்க்கிறேன்.