நாலு கிரிஸ்டல் பொருத்தம்

இல்ல பாய், பாத்திரம் வாங்க வரல. ராஜபாளையத்துல இருந்து வாரேன், முத்துப்பாண்டி. மொட்டை மாடியில ஒங்க மகன் அனஸ் ஹாம் ரேடியோவுக்கு வயரு கட்டியிருக்கான்லா, அந்த விசயமாத்தான். செத்த ஒக்காருங்க. எம் மக வாழ்க்கையும் அந்த வயர்லதான் தொங்குது.

நானும் ரேடியோக்காரந்தான். மிலிட்டரியில சிக்னல் பிரிவு. எம் மக கார்த்திகாவுக்கும் நாந்தான் மோர்ஸ், அதான் புள்ளியும் கோடுமா தட்டுற தந்தி பாஷை, சொல்லிக் குடுத்தேன். வத்திராயிருப்புல எங்க அக்கா வீட்டுல தங்கி பேங்கு வேலைக்குப் போறா. அங்கன ஒரு செட்டு வச்சிருக்கா.

சாயங்காலமானா எங்க தெருவுல ரேடியோவத் தொறக்க ஏலாது பாய். மில்லு மோட்டார் இரைச்சல், சீனாக்காரன் பாட்டு, எவனெவனோ கத்துதான். அதுக்கு அடியில ஒரு மோர்ஸ், எலி கொறிக்கிற மாதிரி. அத மட்டும் உள்ள விட்டு, மத்ததெல்லாம் வெளியவே நிப்பாட்டணும். அதுக்குத்தான் பில்டரு.

அதுக்கு நாலு கிரிஸ்டல் வேணும், குட்டித் தகர டப்பி மாதிரி இருக்கும். எல்லாத்துலயும் ஒரே நம்பர்தான் போட்டிருப்பான். அளந்து பாத்தா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போவாது. கூடையோட கொட்டி, ஒத்துப்போற நாலப் பொறுக்கணும். எங்க வீட்டுக்காரி வெள்ளத்தாய் கேக்கா, பெத்த மகளுக்குப் பொருத்தம் பாக்க நேரமில்ல, தகர டப்பிக்குப் பாக்கியளோன்னு. சிரிங்க, சிரிங்க.

மொதல்ல பில்டர ரொம்ப இறுக்கிட்டேன். மிலிட்டரிக் கை, வேற என்ன பழக்கம்? புள்ளி எது கோடு எதுன்னு தெரியாம கொய்ய்ய்ன்னு ஒரே இழுவை. பொறவு கெப்பாசிட்டர மாத்தி கொஞ்சம் அகலம் விட்டேன். கேட்டுச்சு பாருங்க, மணிமணியா.

அனுப்புற கையும் கையெழுத்து மாதிரிதான் பாய். கடேசிக் கோட்ட ஒரு நீட்டு நீட்டுவா. கேட்ட மாத்திரத்துல தெரிஞ்சுபோச்சு, எம் மக. எதுத்தாப்புல ஒங்க மகன், பேரும் ஊரும் அவனே தட்டுனான். செல்லுல பேசுனா அத்தக்காரி பாத்துருவான்னு பயம். அப்பனுக்கு இந்த இரைச்சல்ல எங்க கேக்கப் போவுதுன்னு தெம்பு.

ஒட்டுக்கேட்டியான்னா கேக்கிய? ஆகாசத்துல பேசுனா ஊருக்கே பொது பாய். சரி, பாதி தப்புன்னு வச்சுக்கிடுங்க.

எந்திரிக்காதிய. எனக்கும் அப்படித்தான் படபடன்னு வந்துச்சு. சாதி, மதம், சொந்தக்காரன் வாயி, எல்லாம் ஓடுச்சு. ஓடி அடங்குனப்பொறவு ஒண்ணுதான் நின்னுச்சு. எங்கிட்ட ஏன் சொல்லல? நான் அம்புட்டு மோசமான ஆளா? ஒங்ககிட்டயும் சொல்லலையே பாய், அப்ப நீங்களும் நம்ம ஆளுதான்.

டீ வரட்டும், குடிக்கிறேன். சீனி கம்மியா.

வியாழக்கெழம காலையில, இதே ஊரு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போடப் போறாக. மூணு சாட்சி வேணுமாம். அனஸோட சேக்காளி ஜெயபாண்டி வாரானாம். இன்னும் ரெண்டு ஆளு கெடைக்காம நேத்து சாயங்காலம் ரேடியோவுல ரெண்டும் தவிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு.

ஆதார் கார்டு கைவசம் இருக்குல்லா பாய்?